டிகோடரைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னால...



கொஞ்சம் நீளமான பதிவு. முடியாதவங்க பாதியை இன்னைக்கும் மீதியை நாளைக்கும் படிங்க. ஆனா வீட்டுல வயசானவங்க இருந்தா முழுசா படிங்க.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, பிரசாதம் வாங்கி, செருப்பு போடுற இடத்துல நம்ம பக்தர்கள் எங்ககிட்ட கேட்கிற கேள்வி இப்போ மாறிப்போச்சு. முன்னெல்லாம் "தம்பி, பால்குடத்துக்குப் பேர் எப்போ கொடுக்கணும்?", "அபிஷேகத்துக்கு எவ்வளவு கட்டணும்?" இப்படித்தான் கேட்பாங்க. இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒருத்தராவது வந்து, "தம்பி, ஆஸ்ட்ரோவை நிறுத்திட்டு நெட்டுலயே எல்லாம் பார்த்துக்கலாம்னு பையன் சொல்றான். மாறலாமா?" என்று கேட்கிறாங்க.

கோயில் தொண்டர்கள்கிட்ட ஏன் இந்தக் கேள்வின்னு யோசிச்சோம். காரணம் லேசானதுதான். பூஜையை லைவ் போடுறவங்க நாங்க. கேமரா பிடிக்கிறவனுக்கு டிவியும் தெரியும்னு ஒரு நம்பிக்கை. உண்மையில எங்கள்ல ஒருத்தர் லாரி ஓட்டுறவர், ஒருத்தர் பாலர்பள்ளி டீச்சர், ரெண்டு பேர் இன்னும் படிக்கிற பிள்ளைங்க. டெக்னீஷியன் யாரும் இல்லை. இருந்தாலும் கூப்பிட்ட வீடுகளுக்குப் போனோம். கடந்த ஒரு வருஷத்துல பத்துப் பதினஞ்சு வீடு இருக்கும். போன இடத்துல பார்த்ததைத்தான் இங்க எழுதுறோம். எந்தக் கம்பெனிக்கும் நாங்க ஏஜென்ட் இல்லை. கோயில் நிர்வாகத்துக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை.

முதல்ல ஒண்ணு. அந்த டிஷ்ஷை வெறும் செலவுன்னு பார்க்கிற இளையவங்க, அது எதுக்காக வீட்டுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும். 1996-க்கு முன்னால நம்ம வீட்டு டிவியில தமிழ்னா ஆர்டிஎம்-ல வர்ற செய்தி, கொஞ்சம் நிகழ்ச்சி, படம். மத்தபடி வீடியோ கடையில கேசட் வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்து வீட்டையும் கூப்பிட்டு உட்கார வச்சுப் பார்க்கிறதுதான். பகல் முழுக்கத் தமிழ்க் குரல் கேட்கணும்னா ரேடியோ 6, இப்போ மின்னல் எஃப்எம். 1996 ஜனவரியில மியாசாட்-1 செயற்கைக்கோள் மேல போச்சு, அதே வருஷம் ஆஸ்ட்ரோ வந்துச்சு. தோட்டத்துல இருந்து தாமானுக்கும் பிளாட்டுக்கும் குடி வந்த குடும்பங்கள்ல, கூட்டா உட்கார்ந்து பேச ஆள் இல்லாமப் போன அம்மாக்களுக்கு, அந்தப் பெட்டிதான் பக்கத்து வீடு. நம்ம பாட்டிங்க பல பேருக்கு வானவில்னு சொல்றதை விட 201-னு சொன்னாத்தான் உடனே புரியும். எழுத்து தெரியாத கைக்கும் அந்த மூணு நம்பர் தெரியும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

இப்போ காசுக் கணக்கு. ஒரு வீட்டுல பில் 148 வெள்ளி. வருஷத்துக்கு 1,776 வெள்ளி. அந்த அக்கா கணவர் இல்லாம ரெண்டு பிள்ளையைப் படிக்க வைக்கிறவங்க, அதனால அது சின்னத் தொகை இல்லை. பில்லை விரிச்சு வரி வரியாப் பார்த்தோம். சின்ன பேக்கேஜாத்தான் ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் ஒரு உலகக் கிண்ணத்துக்காக ஸ்போர்ட்ஸ். சின்னவனுக்காக கார்ட்டூன். ஒரு தீபாவளிக்காகப் படச் சேனல். பந்து பார்த்த தம்பி கல்யாணமாகி ஜொகூர் போய் நாலு வருஷமாச்சு. கார்ட்டூன் பார்த்த பிள்ளை இப்போ படிவம் மூணு. சேர்த்ததை எல்லாம் சேர்த்தாங்க, கழிக்கிறதை யாரும் செய்யலை. வேண்டாததை எடுத்ததும் பில் பாதிக்குக் கொஞ்சம் மேல வந்து நின்னுச்சு. அந்த வீட்டுல மாறவே வேண்டியிருக்கலை.

அதனால, மாறலாமான்னு கேட்கிறவங்ககிட்ட நாங்க முதல்ல கேட்கிறது, "உங்க பில்லைக் கடைசியா எப்போ படிச்சீங்க?" பெரும்பாலும் பதில் சிரிப்புதான்.

அடுத்தது இந்தப் பக்கத்துக் கணக்கு. நெட்டுல பார்த்தா மலிவுன்னு சொல்றவங்க, ஒரு ஆப்போட மாசக் கட்டணத்தை மட்டும் சொல்றாங்க. இன்டர்நெட் வீட்டுல ஏற்கெனவே இருந்தா சரி. இல்லாத வீட்டுல அதுதான் பெரிய பில். ஒரு பிளாட்டுல பையன் போன் ஹாட்ஸ்பாட்டை வச்சு டிவி ஓட்டலாம்னு நினைச்சான். எச்டி தரத்துல ஒரு மணி நேரம் பார்த்தா 3 ஜிபி வரைக்கும் இழுக்கும். அவங்க அம்மா ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் பார்க்கிறாங்க. அப்போ நாளைக்கு 12, மாசத்துக்கு 360 ஜிபி. அவன் போன் பிளான்ல இருந்தது பத்து நாள்ல தீர்ந்துச்சு, அதுக்கப்புறம் டிவியில வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சாம்.

அதோட, நம்ம நாடகங்கள் ஒரே ஆப்புல இல்லை. சன் டிவி நாடகம் ஒரு ஆப், ஜீ தமிழ் நாடகம் வேற ஆப், புதுப் படம் இன்னொரு ஆப். இந்தியாவுல இருக்கிற சொந்தக்காரங்க "இந்த ஆப்புல எல்லாமே இருக்கே"ன்னு சொல்வாங்க, இங்க போட்டா பாதி இருக்காது. உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியா விற்கிறதால அப்படி. பணம் கட்டுறதுக்கு முன்னால, வீட்டுல பார்க்கிற நாடகத்தோட பேரைச் சொல்லி, மலேசியாவுல அது அந்த ஆப்புல ஓடுதான்னு தேடிப் பாருங்க. ரெண்டு மூணு ஆப் சேர்ந்தா பழைய பில்லுக்குக் கிட்டத்தட்டப் பக்கத்துல வந்துரும். 2016 ஜனவரியில நெட்ஃபிளிக்ஸ் நம்ம நாட்டுக்கு வந்தப்போ ஒண்ணே ஒண்ணு கட்டினாப் போதும்னு இருந்துச்சு. இப்போ அப்படி இல்லை.

பணக் கணக்கு இவ்வளவுதான். இதுக்கு மேல நாங்க எழுத நினைச்சது வேற.

ஒரு பாட்டி. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. மூட்டு வலியால கோயிலுக்கு வர்றது இப்போ குறைவு, தைப்பூசம், ஆடி மாசக் கடைசி வெள்ளி, அவ்வளவுதான். மகனும் மருமகளும் காலையில ஏழு மணிக்கு வேலைக்குப் போனா, ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவாங்க. நல்ல பிள்ளைங்க, அதைச் சொல்லியே ஆகணும். அம்மா பெரிய திரையில பார்க்கட்டும்னு புது ஸ்மார்ட் டிவி வாங்கி, ஃபைபர் லைன் இழுத்து, ஆப் எல்லாம் போட்டு, டிகோடரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு மருமகதான் எங்களைக் கூப்பிட்டாங்க. "டிவி நல்லாத்தான் இருக்கு, ஆனா அத்தை பகல்ல டிவியே போடுறது இல்லை, சும்மா ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க."

நாங்க போய் பாட்டி பக்கத்துல உட்கார்ந்து கேட்டோம். முதல்ல சொல்லலை. டீ கொடுத்தாங்க, பேரப்பிள்ளையைப் பத்திப் பேசினாங்க. அப்புறம் மெதுவா, "பழசு நான் போட்டா அதுபாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கும்பா. இது என்னையவே கேட்டுக்கிட்டு இருக்கு. என்ன வேணும், என்ன வேணும்னு. எனக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாங்க.

இன்னொண்ணும் நடந்திருக்கு. ஒரு மத்தியானம் நாடகம் ரெண்டு மூணு பகுதி தொடர்ந்து ஓடினதும், திரை நின்னு இங்கிலீஷ்ல ஏதோ எழுத்து வந்திருக்கு. "இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா?"ன்னு ஆப் கேட்கிற கேள்வி அது. ஒரு பட்டனை அழுத்தினாப் போதும். பாட்டிக்கு அது தெரியாது. பதினஞ்சு நாளுக்கு முன்னால வாங்கின டிவியைத் தானே கெடுத்துட்டோம்னு நினைச்சுட்டாங்க. மகன்கிட்டச் சொல்ல பயம். அன்னைக்கு மத்தியானம் ஒரு மணியில இருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் அந்த எழுத்து முன்னாலயே உட்கார்ந்திருக்காங்க. மகன் வந்து ரிமோட்டைத் தட்டினதும் படம் ஓடிருச்சு, அவருக்கு அதுல ஒண்ணும் தெரியலை. பாட்டிக்கு அதுக்கப்புறம் ரிமோட்டைத் தொடவே மனசு வரலை.

சேனலுக்கும் ஆப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தக் கடைக்காரரும் அந்தப் பாட்டி சொன்ன மாதிரி எங்களுக்குச் சொன்னதில்லை. சேனல்ங்கிறது யாரோ ஒருத்தர் நமக்காகத் தேர்ந்தெடுத்து, நேரம் வச்சு, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததைப் போட்டுக்கிட்டே இருக்கிறது. வேலைக்குப் போய் வர்ற நமக்கு அது இம்சை. வீட்டுல தனியா இருக்கிறவங்களுக்கு அதுதான் கடிகாரம். செய்தி வந்தா மாத்திரை சாப்பிடணும், இந்த நாடகம் வந்தா விளக்கேத்தணும், அந்தப் பாட்டு வந்தா பிள்ளை ஸ்கூல்ல இருந்து வர்ற நேரம். அதை எடுத்துட்டு ஆயிரம் படத்தை அடுக்கி வச்சா, ஆயிரமும் அவங்களுக்குப் பூட்டின கதவுதான்.

இதனால மாறவே கூடாதுன்னு நாங்க சொல்லலை. நேர் எதிரா ஒரு வீட்டையும் பார்த்தோம்.

அந்த அம்மாவுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுக்கணும். சென்டர்ல டிவி இருக்கு, ஆனா பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு டிவி, அவங்க நாடகம் அதுல வராது. பொண்ணு ராத்திரி வீட்டு வைஃபையில நாடகத்தை டவுன்லோட் பண்ணி டேப்லெட்ல போட்டுக் கொடுக்குது. இந்தியாவுல ராத்திரி எட்டு மணிக்குப் போடுறது நமக்குப் பத்தரை மணி, முன்னெல்லாம் அந்த அம்மா அவ்வளவு நேரம் முழிச்சிருக்க முடியாம விட்டுருவாங்க. இப்போ மறுநாள் காலையில ஊசி குத்தினதும் காதுல மாட்டிக்கிட்டுப் பார்க்கிறாங்க. "நாலு மணி நேரம் எப்படிப் போகுதுன்னே தெரியலை தம்பி"ன்னு சொன்னாங்க. அந்த வீட்டுல டிஷ்ஷை எடுத்தது ரொம்ப சரி.

இன்னொரு ஐயா, முன்னாள் தோட்டத்துக் கிராணி. ரிமோட்ல மைக் பட்டனை அழுத்தித் தமிழ்ல பேசினா யூடியூப் தேடும்னு காட்டிக் கொடுத்தோம். ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணி, "டிஎம்எஸ் பாட்டு எவ்வளவு இருக்கு தெரியுமா உங்களுக்கு?"ன்னு எங்களையே மிரட்டினார். எழுதத் தெரியாட்டாலும் பேசத் தெரிஞ்சாப் போதும்ங்கிறது பெரிய விஷயம். டிவி வாங்கும்போது ரிமோட்ல மைக் இருக்கான்னு பாருங்க.

நாடகம் நமக்காகக் காத்திருக்கிறதுல கோயிலுக்கும் ஒரு லாபம் இருக்கு. ஏழு மணி பூஜைக்கு வந்துட்டுப் போயும் பார்த்துக்கலாம். நாடகத்தாலதான் கோயில்ல கூட்டம் குறையுதுன்னு சொல்ற பெரியவங்களோட நாங்க ஒத்துப்போகலை. வராதவங்க பெரும்பாலும் வண்டி இல்லாம வராதவங்க.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து கோயில் கதவைச் சாத்தினப்போ, நாங்களே இந்த லைவ் வேலையைக் கத்துக்கிட்டோம். போனை ஒரு கம்புல கட்டி நிறுத்தி ஆரம்பிச்சது. அப்போ பேரப்பிள்ளைங்க போனைப் பிடிச்சுக் காட்ட, பாட்டிங்க போன் முன்னால கற்பூரம் ஏத்திக் கும்பிட்டாங்க. கதவு திறந்த பிறகும் லைவை நிறுத்தலை, படுக்கையில இருக்கிறவங்க கேட்டுக்கிட்டதால. அதனால நெட்டுல வர்றதை நாங்க குறைச்சுப் பேச முடியாது. ஒரு விஷயம் மட்டும், லைவ்ங்கிறது நிஜத்தை விடப் பல வினாடி பின்னாலதான் வரும். ஒரு வீட்டுல தீபாராதனை முடிஞ்சிருக்கும், பக்கத்து வீட்டுல இன்னும் திரையே விலகியிருக்காது. ரெண்டு அக்காங்க இதுக்காகச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் "உனக்கு வந்துருச்சா, எனக்கு வரலையே"ன்னு கத்தினதை நாங்களே கேட்டோம்.

மழையைப் பத்தியும் பலர் கேட்டீங்க. டிஷ்ஷுக்கு வர்ற அலைவரிசையைக் கனத்த மழைத்துளி உறிஞ்சிரும், நம்ம ஊர் மழைக்கு அது நடக்கத்தான் செய்யும். பத்து இருபது நிமிஷத்துல திரும்பிரும். ஃபைபருக்கு மழை ஒண்ணும் செய்யாது. கரண்ட் போனா ரெண்டும் போயிரும்.

அடுத்தது கண்டிப்பாச் சொல்ல வேண்டியது. பாசார் மாலாம்லயும் வாட்சப் குரூப்லயும் "ஒரு தடவை கட்டினாப் போதும், ஆயுசு முழுக்க எல்லாச் சேனலும்"னு ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி விற்கிறாங்க. வாங்காதீங்க. ஆண்ட்ராய்டு பெட்டின்னாலே தப்பில்லை, முறையா விற்கிறதும் இருக்கு. காசு கட்டாமச் சேனல் வருதுன்னா அது திருட்டு. 2022 மார்ச்சுல நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துல, இந்த மாதிரி கருவியை விற்கிறதுக்கே 10,000 முதல் 200,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 20 வருஷம் வரைக்கும் சிறை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டி நம்ம வீட்டு வைஃபைக்குள்ள உட்கார்ந்திருக்கு, அதே வைஃபையிலதான் நாம பேங்க் வேலையும் பார்க்கிறோம். அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்? நாங்க பார்த்த ஒரு வீட்டுல "ஆயுசு முழுக்க" அஞ்சு மாசத்துல முடிஞ்சுருச்சு, விற்றவர் நம்பரும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியைச் சரி பண்ணித் தரச் சொல்லி எங்களைக் கூப்பிடாதீங்க, வர மாட்டோம். கோபப்படாதீங்க.

காசே கட்ட முடியாத வீடா இருந்தா அதுக்கும் வழி இருக்கு. 2019 அக்டோபரோட பழைய அனலாக் ஒளிபரப்பு நின்னு, இப்போ டிஜிட்டல் ஆண்டெனா. புது டிவி பலதுல உள்ளேயே அது இருக்கும், பழைய டிவிக்கு ஒரு சின்னப் பெட்டி வேணும். டிவி2-ல தமிழ்ச் செய்தியும் நிகழ்ச்சியும் மாசக் கட்டணம் இல்லாம வரும். ஆர்டிஎம் கிளிக் ஆப்பும் இலவசம்தான். மாசக் கட்டணம் இல்லாத என்ஜோய் டிஷ்ஷும் இருக்கு, கடையில விசாரிங்க.

சரி, முடிவை எப்படி எடுக்கிறதுன்னு கேட்டா, நாங்க சொல்றது ரொம்பச் சாதாரணம். ஒரு வாரம் ஒரு தாள்ல எழுதுங்க, யார், எத்தனை மணிக்கு, என்ன பார்த்தாங்கன்னு. எழுதினதும் பாதி விவாதம் தானா முடிஞ்சுரும். மாறுறதுன்னு நினைச்சா டிகோடரை உடனே திருப்பிக் கொடுக்காதீங்க, ஒரு மாசம் ரெண்டும் இருக்கட்டும். அந்த ஒரு மாசச் செலவு வீண் இல்லை. ஒப்பந்தம் முடிஞ்சிருக்கான்னு பில்லுல பாருங்க, நடுவுல நிறுத்தினா தண்டம் இருக்கலாம். அந்த மாசத்துல, பார்க்கிறவங்களை வீட்டுல தனியா விட்டுட்டு, அவங்களே போட்டு, அவங்களே நிறுத்த முடியுதான்னு பாருங்க. பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்கும்போது எல்லாருக்கும் புரியும். பகல் ரெண்டு மணிக்கு ஆள் இல்லாதப்போ புரியணும்.

அந்தப் பாட்டி வீட்டுல கடைசியா என்ன பண்ணினாங்கன்னு கேட்பீங்க. மகன் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் இருக்கிறதுலயே சின்ன பேக்கேஜை மறுபடியும் போட்டார், பாட்டியோட பழைய அறை டிவிக்கு. ஹால் டிவியில ஆப் மத்தவங்களுக்கு. ஆப்புக்குச் செலவான ரெண்டுல ஒண்ணை நிறுத்தினதால மொத்தம் முன்னால இருந்ததை விடக் குறைவுதான். ரிமோட்ல 2, 0, 1 மூணு பட்டனுக்கும் பக்கத்துல மருமக சிவப்பு நெயில் பாலிஷால புள்ளி வச்சாங்க.

இதுல எங்க கருத்து ஒண்ணு இருக்கு, சொல்லிடுறோம். நாங்க போன வீடுகள்ல பல இடத்துல, பில் கட்டுறது பிள்ளைங்க, பார்க்கிறது பெத்தவங்க. முடிவு கார்ல போகும்போதோ போன்லயோ ஆயிருது. அம்மாகிட்டக் கேட்டா "உங்க இஷ்டம்ப்பா, எனக்கு எதுவா இருந்தாலும் சரி"ன்னுதான் சொல்வாங்க, அவங்க வேற எதுவும் சொல்ல மாட்டாங்க. அதை சம்மதம்னு எடுத்துக்காதீங்க. "மத்தியானம் என்ன பார்ப்பீங்க, அதுக்கப்புறம் என்ன வரும்?"னு கேளுங்க. பதில் நீளமா வரும். அந்த நீளத்தைக் கேட்டுட்டு அப்புறம் கம்பெனிக்கு போன் பண்ணுங்க.

உதவி வேணும்னா, ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் மூணு மணி வரைக்கும் மண்டபத்துப் பின்பக்க மேசையில எங்கள்ல ரெண்டு பேர் இருப்போம். பில்லோட படத்தைப் போன்ல எடுத்துட்டு வாங்க, டிவி ரிமோட்டையும் கொண்டு வாங்க. ஐசி, பேங்க் கார்டு எதுவும் வேண்டாம். பாஸ்வேர்டு நாங்க கேட்க மாட்டோம், யாராவது எங்க பேரைச் சொல்லிக் கேட்டா கொடுக்காதீங்க. நடக்க முடியாதவங்க வீட்டுக்கு நாங்களே வருவோம், கவுண்டர் அக்காகிட்டப் பேரும் வீட்டு நம்பரும் எழுதிக் கொடுங்க. வீட்டுக்கு வந்தா டீ போதும், சாப்பாடு பண்ணாதீங்க, போன தடவை மூணு வீட்டுல சாப்பிட்டு நாலாவது வீட்டுக்குப் போக முடியலை.